‘கேஸ் மாத்திரை ஒண்ணு குடுக்கா’ என்று கேட்பதற்கு முன்

கம்பத்தில் எங்கள் மருந்துக்கடை ஷட்டர் விடியற்காலை ஐந்தரைக்கு ஏறிவிடும். அந்நேரத்துக்கு என்ன வியாபாரம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்புகள் ஏறும் நேரம் அதுதான். சேலைக்கு மேலே வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, கையில் தூக்குவாளி. ஜீப்பில் இடம் போட்டுவிட்டு ஓடிவந்து தலைவலிக்கு ஒருத்தர், முட்டிவலிக்கு ஒருத்தர் கேட்பார்கள். அப்புறம் அந்தக் கேஸ் மாத்திரை.

நான் டி.ஃபார்ம் படித்தவள்; டாக்டர் இல்லை. பத்தொன்பது வருஷமாக இந்தக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறேன். ஒரே வியாதியை ஆம்பிளை எப்படிச் சொல்கிறார், பொம்பளை எப்படிச் சொல்கிறார், கேட்கிறவர்கள் யார் பேச்சை நம்புகிறார்கள் என்பதெல்லாம் இங்கே நின்றால் தெரிந்துவிடும். இதைப் படித்துவிட்டு யாரும் தனக்குத்தானே வைத்தியம் பார்க்க வேண்டாம். எப்போது கிளம்புவது, போன இடத்தில் என்ன சொல்வது, வீட்டு ஆண்களிடம் எப்படிப் பேச்சுக் கொடுப்பது, இவற்றுக்கு மட்டும்தான் இது.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். 2014இல் என் மதினி, அண்ணன் சம்சாரம், மலையிலிருந்து இறங்கி நேராகக் கடைக்கு வந்தார். அப்போது அவருக்கு 51 வயது. “நெஞ்சு கரிக்குது தாயி. முதுகுல ரெண்டு பலகைக்கும் நடுவுல பிடிச்சுக்கிட்ட மாதிரி இருக்கு. குமட்டிக்கிட்டே வருது” என்றார். “மத்தியானம் பழைய சோத்துக்கு ஊறுகாயா?” என்று சிரித்துக்கொண்டே ஒரு பான்டோபிரசோல் மாத்திரையும் ஒரு ஜெல் பாட்டிலும் கொடுத்து, சீரகத் தண்ணி குடிக்கச் சொல்லி அனுப்பினேன். அவர் வீட்டுக்குப் போய் எல்லாருக்கும் தோசை ஊற்றிப் போட்டிருக்கிறார். ராத்திரி மூன்று மணிக்கு வேர்வையில் சேலை நனைந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தவரைத்தான் அண்ணன் பார்த்தார். தேனிக்குக் கொண்டுபோனபோது அட்டாக் ஆரம்பித்துப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றார்கள். உயிர் தப்பியது. இதயம் ரத்தத்தைத் தள்ளும் பம்பிங் 35 சதவீதத்தில் நின்றுவிட்டது. சாதாரணமாக 55க்குக் குறையக் கூடாது. அவர் அதற்குப் பிறகு மலையேறவில்லை.

இதில் என்னைக் குத்துவது இன்னொன்று. அதே மாதம் அண்ணனின் கூட்டாளி ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தார். ஷட்டரைப் பாதி இறக்கிப் போட்டுவிட்டு ஆட்டோவில் நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அவருக்கு நிஜமாகவே கேஸ்தான்.

பாடப் புத்தகத்தில் இதை இரண்டாகப் பிரிப்பார்கள். பால் என்பது உடம்பு: ஹார்மோன், ரத்தக்குழாயின் அளவு, கர்ப்பப்பை. பாலினம் என்பது ஊர் நம்மேல் போட்ட வேலை: யார் தோசை ஊற்ற வேண்டும், யார் அழக் கூடாது. பள்ளிக்கூடத்தில் ஆண்பால், பெண்பால், பலர்பால் என்று படித்ததோடு விட்டுவிட்டோம். மதினியின் முதுகுவலி முதல் ரகம். அந்த வலியோடு தோசை ஊற்றியது இரண்டாவது ரகம். நான் சிரித்ததும் இரண்டாவது ரகம்தான்.

நெஞ்சு விஷயத்தில் எப்போது கிளம்புவது

பெண்களுக்கு அட்டாக் வந்தால் நெஞ்சு வலிக்காது என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தப்பு. ஆணோ பெண்ணோ, நெஞ்சில் வலி, அழுத்தம், இறுக்கம் இவைதான் அதிகம் பேருக்கு வரும் அறிகுறி. வித்தியாசம் என்னவென்றால், பெண்களுக்கு அதோடு கூடவே மூச்சு வாங்குதல், குமட்டல், தாடைவலி, கழுத்துவலி, முதுகுவலி, சொல்ல முடியாத அசதி இவையும் சேர்ந்து வருவது அதிகம். சேர்ந்து வந்தால் அந்தப் பெண் எதை முதலில் சொல்வார்? வெட்கப்படாமல் சொல்லக்கூடியதை. “நெஞ்சு” என்பதைக் கடைசியில் வைத்து, “கேஸு”, “அசதி” என்று ஆரம்பிப்பார். கேட்கிறவர் காது முதல் வார்த்தையிலேயே நின்றுவிடும்.

நான் இப்போது கேட்கும் கேள்விகளை நீங்களே உங்களிடம் கேட்டுக்கொள்ளலாம். மேடு ஏறும்போதோ கூடை தூக்கும்போதோ வந்து, உட்கார்ந்தால் குறைகிறதா? இதுவரை இல்லாத மாதிரி வேர்க்கிறதா? வலி தோளுக்கோ தாடைக்கோ முதுகுக்கோ நகர்கிறதா? போன மாதம் ஒரே மூச்சில் ஏறிய பாத்தியில் இந்த மாதம் இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறதா? ஓய்வாக இருக்கும்போதே வந்து, சில நிமிஷங்களுக்கு மேல் நிற்காமல் இருந்தால் கேள்வியெல்லாம் வேண்டாம், கிளம்புங்கள். சோடா, ஓமத் தண்ணி, பெருங்காயம் எல்லாம் அப்புறம். ஏப்பம் வந்து கொஞ்சம் லேசானால் இதயம் இல்லை என்று அர்த்தமில்லை. மதினிக்கும் ஏப்பம் வந்தது.

வயசு விஷயத்தில் நாம் ஏமாறுவது உண்டு. 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான பெரிய ஆய்வில் பெண்களுக்கு முதல் அட்டாக் ஆண்களைவிட ஏறக்குறைய 9 வருஷம் தள்ளி வந்தது. அதே ஆய்வில் நம் இந்தியத் துணைக்கண்டத்துக்காரர்களுக்கு மற்ற நாட்டுக்காரர்களைவிட ஐந்தாறு வருஷம் முன்னதாகவே, 53 வயது வாக்கில் வந்துவிட்டது. ஆகவே ‘மாதவிலக்கு நிக்கிற வயசுக்கோளாறு’ என்று சொல்லும் அதே வயசில்தான் இதயமும் தகராறு பண்ண ஆரம்பிக்கும். சர்க்கரை இருக்கிற பெண்ணுக்கு, அட்டாக் தள்ளி வரும் அந்தப் பாதுகாப்பும் இல்லை. சர்க்கரையும் சிகரெட்டும் இதயத்தைக் கெடுப்பது ஆணைவிடப் பெண்ணுக்குக் கூடுதல். ‘நான் பீடியா குடிக்கிறேன்’ என்று கேட்கும் அக்காமார் வாயில் வெற்றிலையோடு புகையிலையும் இருக்கும். புகை வராவிட்டாலும் நிக்கோட்டின் ரத்தத்தில் ஏறத்தான் செய்யும்.

எல்லைக்கு அந்தப் பக்கம் வந்தால்

நம் பெண்கள் செய்யும் பெரிய தப்பு இது. தோட்டத்தில் காய் எடுக்கும்போது பதினொரு மணிக்கு வலி வந்தால், “ஊருக்குப் போயிப் பாத்துக்கிடலாம்” என்று மாலை ஜீப்புக்காகக் காத்திருப்பார்கள். காரணம் எனக்குப் புரிகிறது: காப்பீட்டு அட்டை தமிழ்நாட்டில் இருக்கிறது, பாஷை தெரியாது, பாதியில் இறங்கினால் அன்றைய கூலி போகும். ஆனால் அடைபட்ட குழாய்க்குப் பின்னால் தசை ஒவ்வொரு நிமிஷமும் செத்துக்கொண்டிருக்கும். எந்த மாநிலமானாலும் பக்கத்தில் இ.சி.ஜி. எடுக்கிற முதல் ஆஸ்பத்திரி எதுவோ அங்கே போங்கள். மாற்றுவது கோட்டயம் மெடிக்கல் காலேஜுக்கா, தேனி க.விலக்கு மெடிக்கல் காலேஜுக்கா என்பதை அதற்கப்புறம் டாக்டரே சொல்வார்.

108 இரண்டு மாநிலத்திலும் உண்டு. மேட்டில் நின்று அழைத்தால் போன் எந்த டவரைப் பிடிக்கிறதோ அந்தப் பக்கத்துக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் எடுத்தவுடன் பெயரைச் சொல்வதற்கு முன்னால் மாநிலம், பக்கத்து ஊர், தோட்டத்தின் பெயர் மூன்றையும் சொல்லுங்கள். மலையாளத்தில் சொல்ல வேண்டி வந்தால் ‘நெஞ்சு வேதன’, ‘ஸ்வாசம் முட்டல்’, ‘ஓக்கானம்’ இந்த மூன்றும் போதும். ‘ஷீணம்’ என்று ஆரம்பித்துவிடாதீர்கள். அதற்கு அசதி என்று அர்த்தம்; குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிடும் அபாயம் இருக்கிறது.

நம் பக்கம் என்றால், 2023இல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அட்டாக்குக்கான முதல் மாத்திரைகள், அதாவது ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றும் கொடுத்து மேலே அனுப்புகிறார்கள். பெரிய ஆஸ்பத்திரி தூரம் என்று வீட்டில் உட்கார இனிச் சாக்கு இல்லை.

ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டி ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள். இ.சி.ஜி. எடுக்க இடது மார்புக்கு அடியில் ஒயர் ஒட்ட வேண்டும். ஆண் டெக்னீஷியன் என்றால் நம் பெண்கள் கூசி, “இப்ப பரவால்ல சார்” என்று எழுந்துவிடுவார்கள். என் கண்முன்னால் நடந்திருக்கிறது. “பெண் நர்ஸ் ஒருத்தரைப் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள்” என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பொது இடத்தில் மயங்கி விழும் பெண்ணுக்கு நெஞ்சை அமுக்கிவிட ஆண்கள் தயங்குவதும் இதே கூச்சத்தால்தான். மூச்சில்லாமல் கிடப்பவர் யாரானாலும் நெஞ்சு நடுவில் கைவைத்து, நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை, சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அமுக்க வேண்டும். ஜீப் டிரைவர் தம்பிகளிடம் இதை நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். முதலில் கேலி பண்ணினார்கள். இப்போது தலையணையை வைத்துச் செய்து காட்டச் சொல்கிறார்கள்.

டாக்டரிடம் என்ன சொல்வது

முதல் வாக்கியத்தில் நெஞ்சு வர வேண்டும். “நெஞ்சில் அழுத்தம், எட்டு மணிக்கு ஆரம்பித்தது, மேடு ஏறும்போது கூடுகிறது, வேர்க்கிறது.” கேஸ் என்று நீங்களே முடிவு கட்டிச் சொல்லாதீர்கள், அது அவர் வேலை.

அவர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்ல வேண்டியவை சில உண்டு. மாசமாக இருந்தபோது பி.பி. ஏறியதா, வலிப்பு வந்ததா, சர்க்கரை இருந்ததா, குறைமாதத்தில் பிறந்ததா? பிரசவத்தோடு சரியாகிவிட்டது என்று நாம் மறந்துவிடுவோம். கர்ப்பகால பி.பி. முற்றிப்போன பெண்ணுக்குப் பிற்காலத்தில் இதயநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பு. மகளுக்கு இப்போது 25 வயது என்றாலும் அந்தப் பழைய கர்ப்பிணி அட்டை விஷயம் இன்றைக்கும் வேண்டும். மாதவிலக்கு 45க்கு முன்னாலேயே நின்றதா? கர்ப்பப்பையை எடுத்தார்கள் என்றால் முட்டைப்பையையும் சேர்த்து எடுத்தார்களா? இங்கே நிறையப் பேருக்குத் தன் உடம்பிலிருந்து என்ன எடுத்தார்கள் என்றே தெரியாது. டிஸ்சார்ஜ் சம்மரியை அரிசிப் பானைக்கடியில் வைத்திருப்பார்கள். எடுத்துக்கொண்டு போங்கள்.

முதல் இ.சி.ஜி. நன்றாக இருந்தால் அத்தோடு முடிந்தது என்று கிளம்ப வேண்டாம். “இன்னொரு தடவை எடுக்கணுமா சார், ட்ரோபோனின் பாக்கணுமா?” என்று கேளுங்கள். ட்ரோபோனின் என்பது இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் ஏறும் பொருள். பெண்களுக்கு அதன் சாதாரண அளவே ஆண்களைவிடக் குறைவு. அதனால் இப்போது வந்திருக்கும் நுட்பமான சோதனைகளில் இருவருக்கும் தனித்தனி எல்லை வைத்திருக்கிறார்கள். ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை என்று வந்தாலும் வலி பொய்யாகிவிடாது. கண்ணுக்குத் தெரியாத சிறு குழாய்கள் சுருங்குவது பெண்களுக்கு அதிகம். “அடைப்பு இல்லேன்னா வேற என்னவா இருக்கலாம்?” என்ற ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு வெளியே வாருங்கள்.

பச்சை உடம்புக்காரிகளுக்குத் தனியாக ஒன்று. கடைசி மாதத்திலிருந்து பிரசவத்துக்கு அப்புறம் ஐந்து மாதம் வரைக்கும், மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது, தலையணை இரண்டு மூன்று வேண்டியிருக்கிறது, கால் வீங்குகிறது என்றால் “பிள்ளை பெத்த ஒடம்பு அப்படித்தான்” என்று மாமியாரோ அம்மாவோ சொல்வதைக் கேட்டு இருந்துவிடாதீர்கள். இதயத் தசை தளர்ந்துபோகும் வியாதி ஒன்று சரியாக இந்தக் காலத்தில்தான் வரும்.

மாத்திரையிலும் ஆண் பெண் உண்டு

இது என் பேட்டை, கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

பி.பி.க்கு டாக்டர் நீர் மாத்திரை எழுதியிருப்பார். பாட்டிலில் அப்படியே இருக்கும். ஏன் என்று நான் பல வருஷம் யோசித்தேன். ஒரு அக்கா ஒருநாள் சொன்னார்: “ஜீப்புல பதினாலு பேரு நெருக்கி உக்காந்து போறோம். வழியில எங்க எறங்குறது? தோட்டத்துலயும் மறைவு கெடையாது.” காலையில் போட வேண்டிய மாத்திரையை அவர் போடவே இல்லை, தண்ணியும் குடிப்பதில்லை. இதை எந்த டாக்டரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. சொன்னால் நேரத்தை மாற்றலாம், மாத்திரையையே மாற்றலாம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021இல் வந்த பிறகு பி.பி., சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது, நல்ல விஷயம். ஆனால் பகலில் இவர் வீட்டில் இருந்தால்தானே? பக்கத்து வீட்டில் வாங்கி வைக்க ஆள் சொல்லி வையுங்கள்.

ஆம்லோடிபின் போட்டு கணுக்கால் வீங்குவது பெண்களுக்கு அதிகம். எனலாப்ரில், ராமிப்ரில் வகையில் வறட்டு இருமல் வருவதும் பெண்களுக்கே அதிகம். இரண்டுக்கும் நம் ஆட்கள் செய்வது ஒன்றே: மாத்திரையை நிறுத்திவிட்டு இருமல் டானிக் வாங்குவது. நிறுத்தாமல் வந்து சொல்லுங்கள்; வேறு மாத்திரை இருக்கிறது. குழந்தைக்குத் திட்டமிடும் பெண் என்றால் இந்த ‘ப்ரில்’ மாத்திரைகள் கர்ப்பத்துக்கு ஆகாது என்பதையும் டாக்டரிடம் முதலிலேயே பேச வேண்டும்.

மருந்தைச் சோதித்த கதையே இப்படித்தான். ஆஸ்பிரின் முதல் அட்டாக்கைத் தடுக்குமா என்று அமெரிக்காவில் 22,071 டாக்டர்களிடம் சோதித்து 1989இல் முடிவு சொன்னார்கள். தடுக்கிறது, 44 சதவீதம் குறைகிறது என்றார்கள். அந்த 22,071 பேரில் ஒரு பெண்கூட இல்லை. பெண்கள் சுமார் 40,000 பேரிடம் சோதித்து 2005இல் முடிவு வந்தபோது, முதல் அட்டாக் குறையவில்லை, பக்கவாதம்தான் கொஞ்சம் குறைந்தது. ஏற்கெனவே அட்டாக் வந்தவர்களுக்கு இது வேறு கணக்கு. அவர்களுக்கு ஆஸ்பிரின் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேண்டும், தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். தூக்க மாத்திரை சோல்பிடெமும் இப்படியே. வருஷக்கணக்கில் எல்லாருக்கும் ஒரே அளவு கொடுத்துவிட்டு, பெண்ணின் உடம்பு அதை மெதுவாகத்தான் கழிக்கிறது என்று 2013இல் அமெரிக்காவில் பெண்களுக்கு 10 மில்லிகிராமை 5 ஆக்கினார்கள். ‘காலையில எந்திரிச்சா மண்டை கிறுகிறுங்குது’ என்று அதுவரை சொன்ன பெண்களுக்கெல்லாம் என்ன பதில் கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

சரி, ஆண்கள் பக்கம். கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்து, என் தம்பி இருக்கிறானா என்று எட்டிப் பார்ப்பவர்கள் எதற்கு வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். சீட்டு இல்லாமல் அந்த ஆண்மைக்குறைவு மாத்திரையை நாங்கள் கொடுப்பதில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். சில்டெனாஃபில் போட்ட 24 மணி நேரத்துக்குள், டடாலாஃபில் என்றால் 48 மணி நேரத்துக்குள், நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் வகை மாத்திரை உள்ளே போனால் பி.பி. தடாலென்று இறங்கிவிடும். நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் பெண்டாட்டி பக்கத்தில் நின்றாலும் சரி, மச்சினன் நின்றாலும் சரி, டாக்டர் காதிலாவது சொல்லிவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் சார்பிட்ரேட்டை வாங்கி நாமே வாயில் போடுவதும் இதனால்தான் ஆபத்து. இன்னொன்று: புதிதாக அந்தக் குறை வந்ததே ஒரு செய்தி. அங்கே போகும் குழாய் இதயக் குழாயைவிட மெல்லியது. கொழுப்புப் படிந்தால் முதலில் அடைபடுவது அதுதான். சில வருஷம் கழித்து இதயத்தில் வரப்போவதை முன்கூட்டிச் சொல்வதாகவும் இருக்கலாம். லேகியத்துக்குச் செலவழிக்கும் காசில் ஒருமுறை பி.பி., சர்க்கரை, கொழுப்பு பார்த்துவிடுங்கள்.

திருநங்கை தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. கருத்தடை மாத்திரையை ஹார்மோனுக்காக நாளுக்கு நாலைந்து விழுங்குகிறவர்கள் உண்டு. அதிலிருக்கும் ஈஸ்ட்ரோஜன் ரகம் ரத்தத்தை உறையவைக்கும். சிகரெட்டும் சேர்ந்தால் இன்னும் மோசம். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ திடீரென்று மூச்சு வாங்கினாலோ உடனே போங்கள், எதைச் சாப்பிடுகிறீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். பாதுகாப்பான ரகத்தை எழுதித் தரும் டாக்டர்கள் இருக்கிறார்கள்.

மனசு விஷயம்

கவுண்டரில் நான் பார்ப்பது இதுதான். பெண் நெஞ்சு என்றால் “டென்ஷன், மனசுதான்” என்று அனுப்புகிறோம். ஆணுக்கு மனசே கெட்டிருந்தாலும் “இடுப்புவலி மாத்திரை குடுங்க” என்று கேட்டு வாங்கிப் போகிறார். இரண்டு பேருக்கும் சிகிச்சை தப்பான அறையில் நடக்கிறது.

மனசுக்கும் இதயத்துக்கும் சம்பந்தமில்லை என்றும் சொல்ல முடியாது. 1990இல் ஜப்பானியர்கள் ஒரு வியாதியைக் கண்டுசொன்னார்கள். சாவு, பெரிய அதிர்ச்சி இவற்றுக்குப் பிறகு இதயத்தின் ஒரு பகுதி ஊதிப்போய் அட்டாக் மாதிரியே காட்டும். ஆஞ்சியோவில் அடைப்பு இருக்காது. ஸ்கேனில் பார்க்க ஆக்டோபஸ் பிடிக்கும் பானை மாதிரி இருந்ததால் டாகோட்சுபோ என்று அந்தப் பானையின் பெயரையே வைத்தார்கள். வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் மாதவிலக்கு நின்றவர்கள். எழவு வீட்டில் ‘மாரடைச்சு விழுந்துட்டா’ என்பார்களே, அதை ஒப்பாரிப் பேச்சு என்று தள்ளிவிடாமல் இ.சி.ஜி. எடுக்க வேண்டும்.

இதயத்திலிருந்து மனசுக்குத் திரும்பும் வழியும் உண்டு. அட்டாக் வந்து பிழைத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நிஜமான மனச்சோர்வு வருகிறது. பெண்களுக்கு இன்னும் கூடுதல். மனச்சோர்வு இருப்பவர் மாத்திரையை விடுகிறார், நடைப்பயிற்சியை விடுகிறார், அடுத்த அட்டாக்குக்கு வழி பண்ணுகிறார். மதினி ஆறு மாதம் திண்ணையில் உட்கார்ந்தே இருந்தார். “ரெஸ்ட் எடுக்கா” என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். அது ரெஸ்ட் இல்லை என்று புரிந்தது, டிவி சீரியலைக்கூட நிறுத்திவிட்டார் என்று அண்ணன் மகள் சொன்ன அன்றைக்குத்தான்.

வீட்டில் கேட்க இரண்டு கேள்வி போதும்; டாக்டர்களும் இதில்தான் ஆரம்பிக்கிறார்கள். கடந்த இரண்டு வாரத்தில் பல நாள் எதிலுமே பிடிப்பில்லாமல் இருந்ததா? பல நாள் மனசு தாழ்ந்துபோய், விடிவில்லாத மாதிரி இருந்ததா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் டாக்டரைப் பாருங்கள். பிள்ளை பெற்றவளுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் அழுகை நிற்காவிட்டாலும் இதே கணக்கு. இதயநோயாளிக்கு மனச்சோர்வு மாத்திரை ஆகாதோ என்று பயப்படுவார்கள். செர்ட்ராலின் போன்றவற்றை அட்டாக் வந்தவர்களிடமே சோதித்திருக்கிறார்கள். ஆனால் எஸ்சிட்டலோபிராம் போன்ற சில மாத்திரைகள் இதயத் துடிப்பின் லயத்தைக் குலைக்கக்கூடும். பெண்களுக்கு அந்த அபாயம் இயல்பாகவே கொஞ்சம் கூட. ஆகவே மனநல டாக்டரிடம் இதய மாத்திரைச் சீட்டையும், இதய டாக்டரிடம் மனநல மாத்திரைச் சீட்டையும் காட்டுங்கள். நம் ஊரில் இரண்டாவதை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்வார்கள்.

அசதி எல்லாமே மனசு என்றும் முடிவு கட்ட வேண்டாம். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. அதே வயது ஆண்களில் 25 பேருக்குத்தான். ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிட்டு மேலே பேசுங்கள்.

ஆண்களிடம் அந்த இரண்டு கேள்வியும் பலிக்காது. “எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்” என்பார்கள். மனச்சோர்வு பெண்களுக்கு ஆண்களைவிட இருமடங்கு என்கிறது மருத்துவக் கணக்கு. ஆனால் 2022இல் இந்தியாவில் தன்னுயிரை மாய்த்துக்கொண்ட 1,70,924 பேரில் நூற்றுக்கு 72 பேர் ஆண்கள். மொத்தத்தில் கால்வாசிக்கு மேல் தினக்கூலிகள். அப்படியானால் அந்த இருமடங்குக் கணக்கில் ஆண்கள் நிறையப் பேர் அகப்படவே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் தெருவில் ஒருவர், எனக்குத் தம்பி முறை, 2019இல் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் தொட்டபோது வண்டன்மேடு பக்கம் குத்தகைக்குத் தோட்டம் எடுத்தார். அடுத்த இரண்டு வருஷத்தில் விலை ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. அவர் அழுது யாரும் பார்த்ததில்லை. சின்ன விஷயத்துக்குப் பிள்ளைகளை அடித்தார், ஜீப்பை வளைவில் கண்மண் தெரியாமல் ஓட்டினார், சாயந்திரக் குடி மத்தியானமே ஆரம்பித்தது. தூக்கத்துக்கு மாத்திரை கேட்டு என்னிடம் வந்தார். ஆண்களுக்கு இந்த வியாதி பலசமயம் கோபமாக, குடியாக, முதுகுவலியாக, தூக்கமின்மையாகத்தான் வெளியே வரும்.

அவரிடம் எப்படிப் பேசினோம் என்று சொல்கிறேன், உங்களுக்கும் உதவலாம். எதிரே உட்காரவைத்து “என்ன ஒனக்குக் கொறை?” என்று யாரும் கேட்கவில்லை. அண்ணன் அவரோடு ஜீப்பில் முன்சீட்டில் ஏறிக் குமுளி வரை போனார். கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை, இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசலாம். தூக்கத்தில் ஆரம்பித்தார்: “எத்தனை மணிக்கு முழிப்புத் தட்டுது?” மூன்று மணி என்றார் அவர். “முழிச்சா என்ன நெனப்பு வருது?” லோயர் கேம்ப் தாண்டிக் கொண்டைஊசி வளைவு ஏறும்போது அவர் வாயைத் திறந்தார். “செத்துரலாம்னு தோணுதா?” என்றும் அண்ணன் நேராகவே கேட்டார். கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்று பயப்பட வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் கூடுவதில்லை, சொல்ல ஒரு ஆள் கிடைக்கிறது. ஆமாம் என்றால் அவரைத் தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்தை வீட்டிலிருந்து வேறு ஆளிடம் கொடுத்துவிடுங்கள். தோட்டக்காரர் வீடுகளில் அது கட்டிலுக்கடியிலேயே இருக்கும். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். கேரளப் பக்கம் திஷா 1056 இருக்கிறது, நம் பக்கம் 104.

‘வைத்தியத்துக்கு வா’ என்று கூப்பிட்டால் அவர் வந்திருக்க மாட்டார். “பி.பி. பாத்துட்டு வரலாம்” என்று கூட்டிப்போனோம். பி.பி. உண்மையிலேயே 170க்கு மேல் இருந்தது. தூக்கத்தைப் பற்றிக் கேட்ட அதே டாக்டர்தான் மனநல டாக்டருக்கும் எழுதிக்கொடுத்தார்.

கடைசியாக ஒரு சீட்டு. பாதித் தாள் போதும். ரத்த வகை, பி.பி.யா சர்க்கரையா, போடும் மாத்திரைகள் எல்லாம், மனசுக்குப் போடுவதும் சேர்த்து, கர்ப்பகாலத்தில் வந்தது, மாதவிலக்கு நின்ற வயசு, அலர்ஜி, வீட்டில் போன் எடுக்கக்கூடிய இரண்டு பேர் நம்பர். மடித்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பெண்கள் சுருக்குப்பையில், ஆண்கள் ஆதார் அட்டைக்குப் பின்னால் வைத்துக்கொள்ளட்டும். எழுதத் தெரியாதவர்கள் கடைக்கு வந்தால் நான் எழுதிக் கொடுக்கிறேன், ஐந்தரைக்கு வேண்டாம், சாயந்திரம் ஜீப்புகள் இறங்கிய பிறகு. மதினி அந்நேரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். யாராவது கேஸ் மாத்திரை கேட்டால் என்னை முந்திக்கொண்டு, “முதுகு வலிக்குதா ஒனக்கு?” என்று அவரே கேட்டுவிடுகிறார்.